எட்டு திர்ஹம் ரசீது

ஷார்ஜாவில் பதினான்கு ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, அங்கிருந்து கட்டிக்கொண்டு வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முடிக்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை. சென்ற வாரம் மழைக்குப் பின்கட்டு ஒழுகியபோதுதான், நனைவதற்குள் எடுத்து வைப்போம் என்று ஒரு பெட்டியைத் திறந்தேன். பழைய வாடகை ஒப்பந்தங்களுக்கும் செல்லாத சிம் கார்டு உறைகளுக்கும் நடுவே, என் தாய்மாமாவின் பாஸ்போர்ட்டை 2018இல் புதுப்பித்தபோது வாங்கிய ரசீது கிடைத்தது. பாஸ்போர்ட் கட்டணம் ஒரு வரி, சேவைக் கட்டணம் ஒரு வரி, இவற்றோடு ‘இந்தியச் சமூக நல நிதி’ என்ற பெயரில் எட்டு திர்ஹம் இன்னொரு வரி. எழுத்துகள் பாதி மங்கிவிட்டன. அந்த எட்டு மட்டும் தெளிவாக இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் தன் மக்களோடு ஓர் அரசு எப்படிப் பழகுகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் மாநாட்டு மேடைகளைக் காட்டமாட்டேன். இந்த ரசீதைத்தான் எடுத்துக் காட்டுவேன். இந்தியச் சமூக நல நிதி 2009இல் தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட தொழிலாளிக்குத் தங்க இடமும் சாப்பாடும், ஊர் திரும்ப விமான டிக்கெட், சிறையில் இருப்பவருக்கு வழக்கறிஞர், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவு என்று அது செய்யக்கூடிய காரியங்களின் பட்டியல் நீளமானது. 2017இல் விதிகளை இன்னும் விரிவாக்கினார்கள். ஆனால் அந்த நிதியின் முதன்மையான வரவு, பாஸ்போர்ட் புதுப்பிக்கவோ சான்றொப்பம் வாங்கவோ தூதரகத்துக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் பிடிக்கும் இந்தச் சிறு தொகைதான். அதாவது, கடல் கடந்து போய்க் கஷ்டப்படும் ஒருவருக்குக் கிடைக்கும் உதவியை அவரைப் போலவே கடல் கடந்து போன இன்னொருவர் தருகிறார்; அரசு நடுவில் உண்டியலை வைத்திருக்கிறது. வளைகுடாவில் உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் வழி என்று வேறு பொருள் உண்டு. நான் சொல்வது கோயில் உண்டியலை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் அனுபவத்தில், ஒரு சாதாரண மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் அரசின் கை நேரடியாக எட்டிய இடம் இந்த நிதி ஒன்றுதான். மற்ற ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, உதவி அவ்வளவாகத் தேவைப்படாதவர்களை நோக்கியே கை நீட்டுகின்றன. இதற்கு எந்த ஒரு கட்சியையும் காரணம் காட்ட முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமாவும் நானும் ஒரே நாளில், ஒரே விமானத்தில், 2008இல் கிளம்பினோம். அவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொத்து வேலைக்குப் போனவர். எனக்கு இருபத்து நான்கு, பி.காம். முடித்திருந்தேன். சென்னைவாசிகளுக்கு ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் அது பாஸ்போர்ட்டில் குத்தப்படும் ஒரு முத்திரை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காக வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போவதானால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி தேவை என்பதைச் சொல்வதுதான் ஈசிஆர். வருமான வரி கட்டுபவருக்கு அந்த முத்திரை கிடையாது, பட்டதாரிக்குக் கிடையாது, ஐம்பது வயதைக் கடந்தவருக்கும் கிடையாது.

விமான நிலையத்தின் குடிநுழைவுக் கவுண்டரில் எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. “நீங்க என்ன வேலைக்குப் போறீங்க?” என்ற ஒரு கேள்வியோடு முத்திரை விழுந்தது. எனக்கு அடுத்து நின்ற மாமாவிடம் அதே அதிகாரி, “எத்தனாவது படிச்சே? எவ்வளவு குடுத்தே ஏஜென்ட்டுக்கு?” என்று கேட்டார். என்னைவிடப் பதினேழு வயது மூத்தவர். பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதியை முறையாக வாங்கிப் பாஸ்போர்ட்டிலேயே வைத்திருந்தவர். இருந்தும் ஓரமாக நிறுத்தி, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் கழித்தே விட்டார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மாமா அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. எனக்கு இன்றுவரை அந்த ‘நீங்க’வும் ‘நீ’யும்தான் நினைவிருக்கின்றன.

சட்டத்தின் நோக்கம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. படிப்பறிவு குறைந்தவர் ஏமாற்றப்படக் கூடாது, ஒப்பந்தத்தை யாராவது பார்த்துச் சரிசொல்ல வேண்டும் என்பதுதான் அடிப்படை. 2003இல் வந்த கட்டாயக் காப்பீடும் அவ்வகையில் நல்ல ஏற்பாடே: 2017இல் திருத்தியபோது, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ பத்து லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். ஆனால் சோதனை என்பது கிளம்பும் இடத்தில் மட்டுமே இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும் வழியும் எல்லோருக்கும் தெரியும்: சுற்றுலா விசாவில் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பதால், ஏஜென்ட் அவரை விசிட் விசாவில் ஏற்றிவிட்டு, அங்கே போனபின் வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பார். அப்படிப் போனவருக்கு அந்தக் காப்பீடும் இல்லை, அரசின் பதிவேட்டில் பெயரும் இல்லை. முப்பது வயதுக்குக் குறைந்த பெண்கள் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குப் போகக் கூடாது என்ற தடையும் இதே கதைதான். தடை இருக்கிறது, போகிறவர்களும் இருக்கிறார்கள், பதிவேடு மட்டும் காலியாக இருக்கிறது.

2018 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. ஈசிஆர் பாஸ்போர்ட்டுகளுக்கு இனி நீல அட்டைக்குப் பதிலாக ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. மாமாவின் பாஸ்போர்ட் அந்த ஆண்டு காலாவதியாக இருந்ததால் அவர்தான் முதலில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஆரஞ்சு கலர்ல குடுக்கப் போறாய்ங்களாமே மாப்ளே? தூரத்துல வரும்போதே தெரிஞ்சிருமே?” என்றார். ஐம்பது வயது தாண்டிவிட்டதால் அவருக்கு இனி முத்திரையே வராது என்று நான் எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. கேரளத்தில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. படிப்பைக் கொண்டு குடிமக்களை நிறம் பிரிப்பதா என்று வழக்கும் தொடுத்தார்கள். அந்த மாத இறுதிக்குள் அமைச்சகம் திட்டத்தைக் கைவிட்டது. பிப்ரவரியில் விண்ணப்ப மையத்தில் நான் மாமாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து வாங்கியதுதான் இந்த ரசீது. புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவர் முதலில் அட்டையின் நிறத்தைப் பார்த்தார், பிறகுதான் தன் படத்தைப் பார்த்தார்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற பதவிப்பெயரே ஒப்பந்தக் கூலி முறை நடந்த வெள்ளையர் காலத்தது. கங்காணிகள் வழியாக ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் காடுகளுக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்திய அரசின் ஏஜென்ட் என்று ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். கூலி, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றைப் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை அனுப்புவது அவர் வேலை. (ஏஜென்ட் என்ற சொல் அப்போது தொழிலாளியின் பக்கம் நிற்க வேண்டியவரைக் குறித்தது, இப்போது யாரைக் குறிக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் மண்ணை வாரித் தூற்றிச் சொல்வார்கள்.) 1938இல் மலாயாவில் தோட்டத் தொழிலாளரின் கூலியைக் குறைத்தபோது, டெல்லியில் இருந்த காலனி அரசு, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வையே நிறுத்திவிட்டது. அந்த அரசுக்குத் தொழிலாளியின்மேல் அளவற்ற அன்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்தியத் தலைவர்களின் அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது. என்றாலும், ஆள் அனுப்பும் நாட்டின் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது, அதை எடுக்கவும் முடியும் என்பதற்கு அது சான்று.

விடுதலைக்குப் பிறகு அந்தக் கை பின்வாங்கியது. வெளிநாடுகளில் குடியேறிய இந்திய வம்சாவளியினர் அந்தந்த நாட்டோடு ஒன்றிவிட வேண்டும். இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டால் அங்கே அயலாருக்குரிய நல்ல நடத்தையைத்தான் எதிர்பார்க்கலாம் என்பதே நேரு காலத்துக் கொள்கை. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு நட்பு வேண்டும் என்ற நிலையில் அதற்கொரு நியாயமும் இருந்தது. ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். யாருக்கு எந்த நாடு வேண்டும் என்று ஒப்பந்தம் போடும் முன் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அறுபதுகளில் பர்மாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு வந்து இறங்கினார்கள். சென்னை பர்மா பஜார் அதன் மிச்சம்.

அரசின் முகம் திரும்பியது பணத்தை நோக்கித்தான் என்று சொன்னால் அது குற்றச்சாட்டல்ல, காலவரிசை. 1991இல் அன்னியச் செலாவணி வற்றியபோது வெளிநாட்டு இந்தியருக்கென்று கடன்பத்திரம் வெளியிட்டார்கள். 1998இல் பொக்ரான் அணுவெடிப்புக்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது, ‘ரீசர்ஜன்ட் இந்தியா’ பத்திரம் மூலம் 420 கோடி டாலர் திரண்டது. அடுத்த ஆண்டே இந்திய வம்சாவளி அட்டை அறிமுகமானது. அதற்கு முதலில் வைத்த கட்டணம் 1,000 டாலர்! எந்தத் தோட்டத் தொழிலாளியின் பேரன் அதை வாங்கியிருப்பான்? பிறகு குறைத்தார்கள். வெளிநாடுவாழ் இந்தியரைப் பற்றி ஆராய அமைத்த, எல்.எம். சிங்வி தலைமையிலான குழு 2002இல் அறிக்கை தந்தது. காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915இல் பம்பாய் வந்திறங்கிய ஜனவரி 9ஆம் நாளை வெளிநாடுவாழ் இந்தியர் தினமாக 2003 முதல் கொண்டாடத் தொடங்கினார்கள். 2009இல் அந்த மாநாடு சென்னையிலும் நடந்தது.

வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையின் பிறப்பில்தான் எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. 2003இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி அதைக் கொண்டுவந்தபோது, எந்தெந்த நாட்டில் குடியுரிமை பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று 16 நாடுகளைப் பட்டியலிட்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஸ்வீடன், சுவிட்சர்லாந்து என்று நீண்ட அந்தப் பட்டியலில் பின்லாந்தும் சைப்ரஸும்கூட இருந்தன. மலேசியா இல்லை, மொரிஷியஸ் இல்லை, பிஜி இல்லை, தென்னாப்பிரிக்கா இல்லை, டிரினிடாட் இல்லை. கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் ஒரு நாடும் அதில் இடம்பெறவில்லை. விமர்சனம் எழுந்த பின் 2005இல் பாகிஸ்தான், வங்கதேசம் நீங்கலாக எல்லா நாடுகளுக்கும் விரித்தார்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டு கழித்து, மொரிஷியஸ் நாட்டவருக்கு ஏழாம் தலைமுறை வரை ஓசிஐ தருவதாக 2024இல் குடியரசுத் தலைவரும், டிரினிடாட் நாட்டவருக்கு ஆறாம் தலைமுறை வரை தருவதாக 2025இல் பிரதமரும் அந்தந்த நாட்டில் போய் அறிவித்தார்கள். நல்லதுதான். பாட்டனின் கப்பல் பதிவு எண்ணைத் தேடி ஆவணக் காப்பகத்தில் அலைபவருக்கு அது பெரிய ஆறுதல்.

பணத்தைப் பார்த்து முகம் மாறுவது டெல்லிக்கு மட்டும் உரிய குணமல்ல. இலங்கை அரசு 2014இல் 16 புலம்பெயர் தமிழர் அமைப்புகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் அவற்றில் பாதியை நீக்கியது. 2021இல் மீண்டும் சிலவற்றைச் சேர்த்தது. 2022இல் கஜானா காலியாகிப் பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் நின்ற ஆகஸ்ட் மாதத்தில் ஆறு அமைப்புகளை விடுவித்தது. டொராண்டோவிலும் லண்டனிலும் இருந்த அந்த அமைப்புகள் இடையில் பெரிதாக மாறிவிடவில்லை.

ஆனால் பணம்தான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலிலும் கொத்தனார் ஒன்றும் குறைந்தவர் அல்லர். இந்தியாவுக்கு 2024-25 நிதியாண்டில் வெளிநாட்டிலிருந்து வந்த தனியார் பணம் 13,500 கோடி டாலருக்கும் அதிகம். ரிசர்வ் வங்கியின் 2023-24க்கான ஆய்வின்படி, இப்படி வரும் பணத்தில் அமெரிக்காவின் பங்கு 27.7 சதவீதம், ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 19.2 சதவீதம், பெறும் மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்துத் தமிழ்நாடு 10.4 சதவீதத்தோடு நிற்கிறது. மென்பொருள்காரரின் பணம் அடுக்குமாடிக் குடியிருப்பாகவும் வைப்புத் தொகையாகவும் வங்கியில் தெரிகிறது. மாமாவின் பணம் எங்கள் ஊரில் ஓர் அக்காவின் கல்யாணமாக, ஆழ்துளைக் கிணறாக, தங்கை மகனின் பாலிடெக்னிக் கட்டணமாகக் கரைந்துவிட்டதால் அதற்கு முதலீடு என்று பெயரில்லை. முதலீட்டாளர் மாநாட்டுக்கு அவரை யாரும் அழைத்ததுமில்லை.

எட்டு திர்ஹம் எங்கே போகிறது என்பதை நான் நேரில் பார்த்தது 2016இல். மாமாவின் கேம்ப்பில் அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவர், திருவாடானைப் பக்கத்துக்காரர், இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வேலை பார்த்த சிறு நிறுவனத்தின் முதலாளி தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். மருத்துவமனையின் இறப்பறிக்கை, காவல் துறையின் தடையில்லாச் சான்று, இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, ஊரில் மனைவி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய சம்மதக் கடிதம், உடலைப் பதப்படுத்தும் கூடத்தில் நேரம் வாங்குவது, சரக்குப் பதிவு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏழெட்டுக் கதவுகள். எந்தக் கதவு முதலில், எது அடுத்து என்று எங்களுக்குத் தெரியாது. சம்பளம் வாங்காமல் இந்த வேலையையே செய்துகொண்டிருந்த ஒரு மலையாளி சேட்டன்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனார். துணைத் தூதரகத்தின் அதிகாரி ஒருவர் தாள்களைப் பார்த்துவிட்டு, முதலாளி தராவிட்டால் நல நிதியிலிருந்து செலவு செய்யலாம் என்று அதற்குரிய படிவத்தைக் கொடுத்தார். நான்காம் நாள் அனுமதி வந்தது. சரக்குப் பிரிவில் பெட்டியைத் தராசில் ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் உடலுக்கும் கிலோ கணக்குதான். சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்வரை மாமா தராசைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி எடை போடுவது பெரும் எதிர்ப்புக்குப் பிறகு 2019 வாக்கில் மாறி, ஒரே கட்டணம் என்று ஆனது.

அந்த அதிகாரி நல்லவர், நிதி இருந்தது, காரியம் நடந்தது. இறந்த பிறகு எட்டிய அந்தக் கை, அவருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்தபோது ஏன் எட்டவில்லை என்பதுதான் என் கேள்வி. அதற்கு உண்டியல் போதாது. கூலி, ஒப்பந்தம், முதலாளியின் பொறுப்பு ஆகியவற்றைப் பற்றி அரசு அந்த நாட்டோடு பேச வேண்டும். அந்த இடத்தில் நடந்தது இது: 2020 செப்டம்பரில், கொரோனா காலத்தில் வேலை இழக்காமல் இருக்கட்டும் என்று காரணம் சொல்லி, வளைகுடா நாடுகளுக்குப் போகும் இந்தியத் தொழிலாளருக்கு வைத்திருந்த குறைந்தபட்சப் பரிந்துரைக் கூலியை இந்திய அரசே குறைத்தது, சில நாடுகளுக்கு மாதம் 200 டாலர் வரை இறக்கியது. தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகு, 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 1938இல் கூலியைக் குறைத்த நாட்டுக்கு ஆள் அனுப்பமாட்டேன் என்று சொன்னது அன்னிய அரசு. 2020இல் குறைத்துக்கொள்ளுங்கள் என்று தானே முன்வந்தது நம் அரசு. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளியாயின. 2025இல் இன்னொன்றும் வந்தது.

ஆள் அனுப்பும் ஏழை நாட்டால் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்குப் பிலிப்பைன்ஸைக் காட்டலாம். சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்த ஃப்ளோர் கான்டெம்ப்ளேசியன் 1995 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டபோது அந்த நாடே கொந்தளித்தது. மூன்றே மாதத்தில் குடிபெயர்ந்த தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் நிறைவேறியது. 2018இல் குவைத்தில் ஒரு பிலிப்பினோ பணிப்பெண்ணின் உடல் உறைபெட்டியில் கிடைத்தபோது, ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டு, மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் திறந்தார்கள். அங்கும் ஏமாற்று இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. ஆனால் 2003இல் வந்த சட்டத்தின்படி, 2004 தேர்தல் முதல் அவர்கள் வெளிநாட்டில் இருந்தபடியே வாக்களிக்கிறார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பக்கத்தில் கேரளம் 1996லேயே வெளியே வாழும் மலையாளிகளுக்கென்று நோர்க்கா என்ற தனித் துறையைத் தொடங்கிவிட்டது. தெருவுக்குச் சிலராவது கடலுக்கு அப்பால் இருக்கும் மாநிலத்தில், வெளிநாட்டுக்காரர் கோபம் என்பது தேர்தல் கணக்கு. ஆரஞ்சு அட்டை மூன்று வாரத்தில் மறைந்ததற்கு அதுவே காரணம். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு சென்றிருந்தவர்கள் 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி சுமார் 22 லட்சம். எண்ணிக்கை கேரளத்தோடு ஒப்பிடத்தக்கதே. ஆனால் அது சிங்கப்பூர், அமீரகம், சவூதி, அமெரிக்கா, மலேசியா என்று சிதறியும், மாநிலத்தின் பெரிய மக்கள்தொகையில் கரைந்தும் போகிறது. வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கு 2011லேயே சட்டம் வந்தும், நல வாரியம் அமைந்து நடக்கத் தொடங்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். அயல்நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களை அழைத்துவந்து மாமல்லபுரமும் தஞ்சையும் காட்டும் ‘வேர்களைத் தேடி’ திட்டமும் நடக்கிறது. 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி 45 இந்தியர்கள் இறந்தபோது, அவர்களில் ஏழு பேர் நம் மாநிலத்தவர். விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியபோது தமிழக அமைச்சர் அங்கே நின்று உடல்களை வாங்கி, ஆம்புலன்ஸ்களில் ஊர்களுக்கு அனுப்பிவைத்தார். முன்பெல்லாம் இது நடந்திருக்காது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விந்தையாக இருக்கும். அயலகத் தமிழர் நலனைப் பார்க்கும் அதே ஆணையரகம்தான், இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மறுவாழ்வு முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களையும் பார்க்கிறது. மறுவாழ்வுத் துறை பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக உருவானது. அயலகத்தார் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். ஒரே கூரையின் கீழ், வெளியே போன தமிழரை விழா எடுத்து வரவேற்கும் கோப்பும், உள்ளே வந்த தமிழருக்கு முப்பது நாற்பது ஆண்டுகளாகியும் குடியுரிமை கிடைக்காத கோப்பும் அடுத்தடுத்த அலமாரியில் இருக்கும். இரண்டாவதைத் தீர்க்கும் அதிகாரம் சென்னையிடம் இல்லை, டெல்லியிடம்தான் இருக்கிறது என்பதும் உண்மை.

வாக்குக்கு வருகிறேன். 2010இல் செய்த சட்டத் திருத்தத்தால், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ நிரப்பித் தன் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க, அந்த நாளில், அசல் பாஸ்போர்ட்டோடு, அந்த வாக்குச்சாவடிக்கே நேரில் வர வேண்டும். 2018இல் பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்கு வராமலே 2019இல் காலாவதியானது. 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் நாடு முழுவதும் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். கேரளத்தை நீக்கிவிட்டால், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வெளிநாடுவாழ் குடிமக்களில் முந்நூறு பேர்கூட இல்லை. துணைத் தூதரகக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும் அரசு ஊழியர் மின்னணு முறையில் வாக்குச்சீட்டைப் பெற்றுத் தபாலில் திருப்பி அனுப்பலாம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் எட்டு திர்ஹம் கட்டிவிட்டு நிற்பவருக்கு அந்த வழி இல்லை.

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. மாமா சித்திரைத் திருவிழாவை ஒட்டி இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காமல் எட்டு ஆண்டு ஆகிவிட்டது என்பதால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்திருந்தார், தேர்தல் இடையில் வந்து சேர்ந்துகொண்டது. காலையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். படிவம் 6ஏ என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பதினாறு ஆண்டுகளாகியும் ஊர்ப் பட்டியலில் அவர் பெயரை யாரும் நீக்கவுமில்லை. பாஸ்போர்ட் வீட்டு பீரோவில் கிடக்க, பழைய வாக்காளர் அட்டையை நீட்டினார். பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பையன் பெயரைத் தேடி டிக் அடித்துவிட்டு, “எப்ப வந்தீங்க மாமா?” என்று கேட்டான். “நேத்துத்தான்டா” என்று சொல்லிவிட்டு, மை வைக்க விரலை நீட்டினார்.